மூன்று கம்ப்யூட்டரும் ஓர் ஆயில்யமும்

தை 5, திங்கள்

காலை எட்டு மணிக்கு, ராகு காலத்தில், கம்ப்யூட்டர் செத்துப்போனது. ராகு காலத்தில் நான் அதைத் தொடுவதில்லை. என் மனைவி துளசிமணி மேசையைத் துடைக்கும்போது கை பட்டு ஆன் ஆகியிருக்கிறது. ஒரு சத்தம், ஒரு கருகிய வாசனை, அவ்வளவுதான்.

"பதினேழு வருசம் ஓடியிருக்குதுங்க. அதுக்கு ஆயுள் அவ்வளவுதான்" என்றாள். ஜோசியர் வீட்டில் முப்பது வருடம் குடும்பம் நடத்தியவள் இப்படித்தான் பேசுவாள்.

ஈரோட்டில் தை மாதம் என்றால் என் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. தினமும் இருபது ஜாதகமாவது பொருத்தம் பார்க்க வரும். எல்லாவற்றையும் போட்டுத் தருவது அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த 'ஜாதக தீபம்' என்ற மென்பொருள். இன்று பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக் கையால் போட்டேன். மூன்று ஜாதகத்துக்கு நான்கு மணி நேரம். மூன்றாவது ஆள் பாதியில் எழுந்து டீ குடிக்கப் போனவர் திரும்பவில்லை.

இதைச் சரிசெய்யும்வரை நடப்பதை எழுதி வைக்கலாம் என்று இந்த நோட்டை எடுத்திருக்கிறேன். ஜோதிடர் சங்கத்துச் செயலாளர் வேறு போன் செய்தார். ஆண்டு மலருக்கு, எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த மென்பொருள் சிறந்தது என்று ஒரு கட்டுரை வேண்டுமாம். "உங்களை விட்டா யாருக்குத் தெரியுமுங்க, சென்னியப்பன்?" என்றார். கம்ப்யூட்டர் செத்த செய்தியை நான் சொல்லவில்லை.

தை 6, செவ்வாய்

என் மகள் இந்துஜா கோவைக் கம்பெனி ஒன்றுக்கு மாடி அறையில் உட்கார்ந்தே வேலை செய்கிறாள். மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பது வேலை. குணத்துக்கு ஏற்ற வேலை.

"பெருந்துறை ரோட்டுல எங்க காலேஜ் சீனியர் ஒருத்தர் சர்வீஸ் கடை வெச்சிருக்காருங்கப்பா. வரச் சொல்லட்டுங்களா?" என்றாள்.

திவாகர் என்ற அந்தப் பையன் சரியாக மூன்று இருபதுக்கு வந்தான். செவ்வாயன்று மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம். வெளியே உட்காரச் சொன்னேன். முகம் சுளிக்காமல் எழுபது நிமிடம் வாசலில் உட்கார்ந்திருந்தான். இந்துஜா அவனுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். பிறகு தண்ணீர். பிறகு முறுக்கு. முறுக்குக்குப் பிறகு மறுபடியும் தண்ணீர். விருந்தோம்பல் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உண்டு.

உள்ளே வந்து திறந்து பார்த்தவன், "போர்டு போயிருச்சுங்க சார். ஹார்ட் டிஸ்க் பொழைச்சுக்கும்" என்றான். டாக்டர் மாதிரி மெதுவாகச் சொன்னான்.

தை 8, வியாழன்

புது கம்ப்யூட்டர் வந்தது. விண்டோஸ். நல்ல நேரம் பார்த்து ஆன் செய்து பொட்டும் வைத்தேன். பொட்டை எங்கே வைப்பது என்பதில் திவாகருக்கும் எனக்கும் சிறு விவாதம். திரையில் வேண்டாம் என்றான்.

அரை மணி நேரம் எதையெதையோ அதில் ஏற்றினான். "சார், வாங்கும்போது வந்ததை மட்டும் வெச்சுட்டு இருந்தா எந்த மிஷினும் வாடகை வீடு மாதிரிதானுங்க. நமக்குப் பிடிச்சதா நாலு போட்டாத்தான் நம்ம மிஷின் ஆகும்." தமிழில் தட்டச்ச ஒன்று. கடிதம் எழுத லிப்ரே ஆபிஸ். இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ். பிறகு வி.எல்.சி. என்று ஒன்று, ரோட்டில் பள்ளம் தோண்டினால் பக்கத்தில் வைப்பார்களே, அந்த ஆரஞ்சுக் கூம்புதான் அதன் படம்.

"இது எதுக்கு தம்பி?"

"எந்தப் படமா இருந்தாலும், எந்தப் பாட்டா இருந்தாலும் ஓடுமுங்க. விண்டோஸ், லினக்ஸ், மேக், எதுவா இருந்தாலும் நான் மொதல்ல போடறது இதுதான்."

எல்லாம் ஓடியது. 'ஜாதக தீபம்' மட்டும் ஓடவில்லை. அது பழைய விண்டோஸுக்குச் செய்தது, புதியதில் ஏறாதாம். செய்த கம்பெனியை இணையத்தில் தேடினோம். அந்த முகவரியில் இப்போது பிரியாணிக் கடை இருக்கிறது.

தை 10, சனி

"வேற வழி பாக்கற வரைக்கும் இதை வெச்சுக்கங்க சார்" என்று திவாகர் தன் பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து கொடுத்தான். லினக்ஸ் போட்டது. அதில் 'கிரக மாலை' என்று இலவச ஜோதிட மென்பொருள். மின்னல் வேகம். ஆனால் தமிழ் எழுத்து வரவில்லை. எழுத்து வரவேண்டிய இடத்தில் எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள்.

தெரியாத்தனமாக ஒரு பிரதி எடுத்து, சித்தோட்டுக்காரர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டேன். வாங்கிப் பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது.

"கட்டம் சரியில்லைன்னு தெரியுமுங்க. இத்தனை கட்டமுங்களா?" என்றார்.

அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினோம்.

தை 13, செவ்வாய்

திவாகர் வந்து எழுத்துருவைப் போட்டுக் கொடுத்தான். கட்டங்கள் தமிழாயின. போகும்போது "வர்றனுங்க மாமா" என்றான். உடனே "சார்" என்று திருத்திக்கொண்டான். இந்தப் பக்கத்தில் பெரியவர்களை மாமா என்பது வழக்கம்தான்.

புது மென்பொருள் சரியாகக் கணக்குப் போடுகிறதா என்று பார்க்க, மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பிறந்த நேரத்தைப் போட்டேன். இந்துஜாவுடையது. மாலை ஆறு நாற்பது, ஈரோடு அரசு மருத்துவமனை. மழை.

மகம், முதல் பாதம் என்று வந்தது.

இருபத்தேழு வருடமாக அவள் ஆயில்யம், நான்காம் பாதம். அவள் பிறந்த அன்றே நான் கையால் போட்ட ஜாதகம் அது. 'ஜாதக தீப'மும் அதையேதான் சொன்னது. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் முறை. மகம்தான்.

காரணம் புரியாமல் இல்லை. நான் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம், பழைய சூத்திரப்படி. 'கிரக மாலை' திருக்கணிதம், இன்றைய வானத்தை அளந்து போடுவது. இரண்டுக்கும் சந்திரன் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எத்தனையோ பேருக்கு நான் விளக்கிச் சொல்லியிருக்கிறேன். சொந்தப் பெண்ணின் நட்சத்திரம் அந்த இடைவெளியில் உட்கார்ந்திருக்குமா என்று நான் போட்டுப் பார்த்ததில்லை.

ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று ஊரில் ஒரு பேச்சு. மூன்று வருடத்தில் நான்கு குடும்பங்கள் அதனால் போயின.

தை 14, புதன்

வேலை அதிகம். வேறு விசேஷம் இல்லை.

தை 16, வெள்ளி

மூன்றாவது கம்ப்யூட்டர். இந்துஜாவுக்கு அலுவலகத்தில் புதிது கொடுத்ததால், தன் சொந்த மேக்கை எனக்குத் தந்தாள். கடித்த ஆப்பிள் படம் போட்டது. தட்டினால் வலிக்குமோ என்பது மாதிரி வழவழப்பு. அதற்கு 'ராசி மண்டலம்' என்ற மென்பொருளை இறக்கிக் கொடுத்தாள்.

முதலில் கட்டத்துக்குப் பதிலாக வைரக்கல் போல ஒரு கோலம் வந்தது. வடநாட்டு முறையாம். துளசிமணி எட்டிப் பார்த்து, "நாளைக்கு இதையே வாசல்ல போடறனுங்க" என்றாள். பிறகு தென்னாட்டுக் கட்டத்துக்கு மாற்றினோம்.

ஆனால் அது விவரத்தைப் போட்டதும் பதில் சொல்லாமல் என்னையே கேள்வி கேட்கிறது. எந்த அயனாம்சம் வேண்டும் என்கிறது. ராசிச் சக்கரம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு இருக்கிறதல்லவா, அப்படிப் பதினொன்றை வரிசையாகக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஒன்றை அமுக்கினால் இந்துஜா ஆயில்யம். அடுத்ததை அமுக்கினால் மகம். நான் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் வந்து நின்றாள்.

"என்னங்கப்பா, என் நட்சத்திரத்தை லைட் சுவிட்ச் மாதிரி போட்டுப் போட்டு அணைக்கிறீங்க?"

மென்பொருளைச் சோதிக்கிறேன் என்றேன். "நல்லாச் சோதிங்க. நான் குற்றம் கண்டுபுடிச்சா சம்பளம் குடுக்கறாங்க" என்று மாடிக்குப் போனாள்.

தை 19, திங்கள்

இன்று ஓர் அதிசயம். புது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கிவிட்டான் திவாகர். அதற்கும் ஒரு மென்பொருள் இருக்கிறதாம். ஒரு சன்னல் திறக்கிறது. அதற்குள் என் பழைய விண்டோஸ், பழைய பச்சைப் புல்வெளிப் படத்தோடு எழுந்து வருகிறது. அதற்குள் 'ஜாதக தீபம்'. பிள்ளையார் படத்தோடு திறந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். குளிர்காலம்.

சோதிக்க ஆண் ஜாதகம் ஒன்று வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தவன் திவாகர்தான். பிறந்த விவரம் கேட்டேன். தேதி, நேரம், ஊர், லக்னம், நடப்பு தசை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னான். ஜாதகம் போனிலேயே இருந்தது. இந்தக் காலத்துப் பையன்கள் ஜோதிடத்தில் இவ்வளவு ஈடுபாடு காட்டுவது மகிழ்ச்சி.

அவன் போன பிறகு பொருத்தம் பார்க்கும் பகுதியையும் சோதிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பெண் ஜாதகம் வேண்டும். வீட்டில் கைக்குக் கிடைத்ததைப் போட்டேன். 'ஜாதக தீப'த்தில் பத்துக்கு ஆறு. 'ராசி மண்டல'த்தில் ஐந்திலிருந்து ஏழு வரை, நாம் அமுக்குவதைப் பொறுத்து. 'கிரக மாலை'யில் எட்டு.

'கிரக மாலை' நல்ல மென்பொருள். வேகமாக இருக்கிறது.

தை 20, செவ்வாய்

மறுபடியும் சோதித்தேன். எட்டுதான்.

தை 24, சனி

தரகர் மூலம் திருப்பூர் வரன் ஒன்று. பனியன் கம்பெனி. ஜாதகம் அனுப்பச் சொன்னார்கள். லினக்ஸில் எடுத்த பிரதியை உறையில் போட்டேன். பிறகு அதை எடுத்துவிட்டு 'ஜாதக தீபம்' பிரதியைப் போட்டேன். முதல் தாள் கொஞ்சம் கசங்கியிருந்தது, அதனால்தான்.

துளசிமணி பார்த்துக்கொண்டிருந்தாள். "மகம்னு வந்த தாள்தான நல்லா இருந்துது?" என்றாள்.

"முப்பத்திரண்டு வருசமா ஊருக்கெல்லாம் வாக்கியத்துல பாத்துட்டு, நம்ம புள்ளைக்கு மட்டும் வேற கணக்கா?"

"நான் தாளைத்தானுங்க சொன்னேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

மாலையே தரகர் கூப்பிட்டார். பையனின் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதாம், எதற்கு வம்பு என்கிறார்களாம். ஐந்தாவது குடும்பம்.

இந்துஜாவிடம் எப்படிச் சொல்வது என்று படியில் நின்றேன். மேலே அவள் பாடிக்கொண்டிருந்தாள். சொன்ன பிறகும் பாடினாள். கீழே வந்தபோது துளசிமணியும் அதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

தை 25, ஞாயிறு

பழைய பதிவு நோட்டுகளைப் புரட்டினேன். ஆயில்யம் என்று நான் எழுதிய பெண்கள் நாற்பது பேருக்கு மேல். பவானியில் ஒரு டீச்சர். பத்து வருடத்துக்கு முன் அவர் அப்பாவிடம், தாயில்லாத மாப்பிள்ளையாகப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், என் கையெழுத்தில். அந்தப் பெண் அன்று கூடவே உட்கார்ந்திருந்தார். கைப்பையின் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர்கள் என்னிடம் வரவில்லை.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. ரசத்தில் புளி அதிகம்.

தை 27, செவ்வாய்

காலை பதினோரு மணி. கவுந்தப்பாடியிலிருந்து ஓர் அம்மா, ஐம்பத்தைந்து வயதிருக்கும். சாரதாமணி என்று பெயர் சொன்னார். தனியாக, மஞ்சள் பையோடு வந்திருந்தார். உட்கார்ந்ததும் மூன்று கம்ப்யூட்டரையும் ஒரு பார்வை பார்த்தார். லினக்ஸ் மடிக்கணினியை மட்டும் இரண்டாம் முறை பார்த்தார்.

"எம்பையன் ஒரு புள்ளையைப் புடிச்சிருக்குதுங்கறானுங்க. நல்ல புள்ளைதானுங்க, போன்ல பேசியிருக்கறேன். ஆனா ஆயில்யமுங்க. எங்க சொந்தத்துல எல்லாரும் ஒரே பாட்டாப் பாடறாங்க. எனக்கு ஆகாதுங்களா? நீங்களே சொல்லிப்போடுங்க."

"பயமா இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"போறதுக்கெல்லாம் பயமில்லீங்க. எனக்கு ஏற்கெனவே முட்டிவலி, பிரசர் எல்லாம் இருக்குது. நாளைக்கு ஒரு தலைவலின்னு படுத்தாக்கூட அந்தப் புள்ளை வந்த நேரம்னுதான சொல்லுவாங்க? நம்ம வீட்டுக்கு வாற புள்ளை காலத்துக்கும் அந்தப் பேச்சைக் கேக்கோணுமுங்களா? அதுதான் யோசனை."

முப்பத்திரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியோடு எத்தனையோ மாமியார்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்ணுக்காகக் கவலைப்பட்டு ஒருவரும் வந்ததில்லை.

மூன்று திரைகளையும் அவர் பக்கம் திருப்பினேன். தெரிந்த பிறந்த விவரம் ஒன்றை மூன்றிலும் போட்டேன்.

"பாருங்கம்மா. ஒரே புள்ளை, ஒரே நேரம். இது ஆயில்யம்ங்குது. இது மகம்ங்குது. இந்த மூணாவது, உனக்கு எது வேணும்னு என்னையே கேக்குது."

"இந்தப் புள்ளை யாருங்க?"

"எம் பொண்ணுங்க."

அந்த அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீங்க எதைங்க நம்பறீங்க?"

"நான் வாக்கியம். அதுல அவ ஆயில்யந்தான். எம் பொண்ணுங்கறதுக்காக நான் கணக்கை மாத்தமாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன். மாமியாருக்கு ஆகாதுன்னு இந்த மூணுல எதுவும் சொல்லலீங்க. ஒவ்வொண்ணையும் அலசிப் பாத்துட்டேன். லக்னத்துக்குக் கட்டம் இருக்குது, குருவுக்கு, சனிக்கு இருக்குது. மாமியாருக்குன்னு எதுலயும் ஒரு கட்டம் போடலீங்க. அது நாங்க வாயால சேத்தது. நானும் சேத்திருக்கறேன். தப்புதான்."

சொல்லி முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். காலையில் இட்லி இரண்டுதான் சாப்பிட்டிருந்தேன்.

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி, "அப்ப மாசி மூணு, ஞாயித்துக்கிழமை வரட்டுங்களா?" என்றார்.

"எங்கீங்கம்மா?"

"உங்க வீட்டுக்குத்தானுங்க. பையன் திவாகரைக் கூட்டிட்டு வாறேன். வழி அவனுக்குத் தெரியும்."

எனக்குப் பேரதிர்ச்சி என்றுதான் துளசிமணியிடம் சொன்னேன். அவள், "அதிர்ச்சியாகுறவுங்க எதுக்குங்க ரெண்டு தடவை எட்டு பொருத்தம் பாத்தீங்க?" என்றாள். இந்த நோட்டை இனிமேல் பூட்டி வைக்க வேண்டும்.

தை 28, புதன்

பவானிக்குப் போன் செய்தேன். என்ன பேசுவது என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன். அந்த டீச்சரின் அப்பாவே எடுத்தார். மகளுக்குக் கல்யாணமாகி எட்டு வருடமாம். இரண்டாவது பையன் எல்.கே.ஜி. இப்போது மாமியாரும் மருமகளும் சேர்ந்து ஊட்டிக்குப் போயிருக்கிறார்களாம்.

"நீங்க அப்படிச் சொன்னதும், அடுத்த தெருவுல வேற ஜோசியர்கிட்டப் பாத்துட்டோமுங்க. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டார். தாளைக் கிழித்துப் போட்டேன்.

மாசி 3, ஞாயிறு

வந்தார்கள். திவாகர் வேட்டியில் வந்திருந்தார், நடக்கத் தெரியாமல் நடந்தார். காலை ஒன்பதரை மணி, நல்ல நேரம். ஆனாலும் உள்ளே வரலாமா என்று வாசலிலேயே நின்று கேட்டார். நான்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

இந்துஜா காபி கொண்டுவந்தாள். என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கி நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது.

"எப்பருந்து அம்மணி?" என்று பின்னால் சமையலறையில் கேட்டேன்.

"காலேஜ்லருந்துங்கப்பா. ஏழு வருசம்."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"நீங்க ஆயில்யம்னு எழுதிக் குடுத்துட்டே இருந்தீங்க. அவருக்கு அம்மா இருக்காங்கன்னு சொன்னா, நீங்களே வேண்டாம்னிருவீங்கன்னு பயமா இருந்துச்சு."

சட்டினிக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தேன். நான் துருவுவதைப் பார்த்துச் சிரித்தாள். அது போதும்.

மாசி 9, சனி

சங்க மலருக்குக் கட்டுரை அனுப்பினேன். விண்டோஸானாலும் லினக்ஸானாலும் மேக்கானாலும் முதலில் போட வேண்டியது வி.எல்.சி., பிறகு தமிழ் தட்டச்சு, பிறகு லிப்ரே ஆபிஸ் என்று காரணங்களோடு எழுதியிருக்கிறேன். செயலாளர் கூப்பிட்டு, "ஜோதிட மென்பொருளைப் பத்தி ஒரு வரிகூட இல்லீங்களே?" என்றார். அதை அவரவர் மனசாட்சிப்படி போட்டுக்கொள்ளட்டும் என்றேன். மனசாட்சி எந்த மிஷினில் ஓடும் என்று கேட்டார். கேலியா சந்தேகமா என்று தெரியவில்லை.

மாசி 15, வெள்ளி

நாள் குறித்தாயிற்று. வைகாசியில் கல்யாணம். குறித்த கையோடு இரண்டு குடும்பமும் மாரியம்மன் கோவிலுக்குப் போனோம். வெயில் இப்போதே சித்திரை மாதிரி அடிக்கிறது. சம்பந்தியம்மாள் சாரதாமணி, இந்துஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். முட்டிவலி. பின்னால் அவர்கள் சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய.

அர்ச்சனைத் தட்டை வாங்கிய பூசாரி மாப்பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "பொண்ணு பேரு?" என்றார்.

"இந்துஜா."

"நட்சத்திரம்?"

வேனில் வந்தவர்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். துளசிமணி பார்த்தாள். திவாகர் தரையைப் பார்த்தார். மகம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதற்கும் ஒரு கம்ப்யூட்டர் சாட்சி இருக்கிறது. சம்பந்தியம்மாளைப் பார்த்தேன். அவர் எனக்கு லேசாகத் தலையசைத்தார்.

"ஆயில்யம், நாலாம் பாதம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

பூசாரி அதைச் சொல்லி அர்ச்சனை செய்தார். மணி அடித்தது. ஒன்றும் ஆகவில்லை. சம்பந்தியம்மாள் மட்டும் இந்துஜாவின் கையிலிருந்த பாட்டிலை வாங்கி மடமடவென்று பாதித் தண்ணீரைக் குடித்தார். எல்லோரும் அவரையே பார்ப்பதைக் கவனித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வெயிலுங்க."